இல்லாத தண்ணீரில் நீந்திய வாத்துகள்

இந்தக் கட்டுரையில் ஓர் ஏரி வருகிறது. அதன் பெயர் வராது. மன்னார்குடியிலிருந்து காரில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் அதில் தண்ணீர் இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், சொல்லாதீர்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டு விரால் மீன் குழம்பைச் சாப்பிட்டவன் நான். வாக்கு மாற முடியாது.

நான் ஈப்போவில் பிறந்தவன். கோலாலம்பூரில் வேலை. ஆசிய நாடுகள் சில ஒன்றாகச் சேர்ந்து, தங்கள் காடுகளிலும் சரணாலயங்களிலும் ஏரிகளிலும் எந்தெந்த உயிர் எத்தனை இருக்கிறது என்ற விவரத்தை ஒரே கணினியில் போட்டுப் பகிர்ந்துகொள்வதென்று முடிவெடுத்தன. தரவுப் பகிர்வு என்று அதற்குப் பெயர். வடக்கே பனி விழுந்ததும் கிளம்பி வருகிற வாத்துக்கு எல்லைக்கோடு தெரியாது, நாம் மட்டும் ஏன் தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது தத்துவம். நல்ல தத்துவம்தான். அந்தக் கணினிக்கு வேளாவேளைக்கு எண்களை ஊட்டுவது என் வேலை. சமர்த்தாகத் தின்றுகொண்டுதான் இருந்தது, தஞ்சாவூர்ப் பக்கத்து இந்த ஏரி வரும்வரை.

இந்த ஏரியைப் பற்றி வருடந்தோறும் இரண்டு தாள்கள் வரும். ஒன்று பறவைக் கணக்கு. மன்னார்குடிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கும் சகாயமேரி என்பவர் அனுப்புவது. இன்னொன்று தண்ணீர் மட்டம். ஏரிப் பாசன விவசாயிகள் சங்கம் கொடுப்பது. இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களுக்குப் போய், வெவ்வேறு மேசைகளில் தூங்கி எழுந்து, கடைசியில் என் கணினியில்தான் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும். பறவைத் தாளில் ஊசிவால் வாத்தும் கூழைக்கடாவும் முக்குளிப்பானும் கூட்டம் கூட்டமாக நீந்தின. தண்ணீர்த் தாளில் அதே மாதத்துக்கு நேரே ‘தண்ணீர் இல்லை’ என்று இருந்தது. எந்த வருடத்தை எடுத்தாலும் இதே கூத்து. முக்குளிப்பான் என்பது முங்கி மீன் பிடிக்கிற பறவை. அது எதில் முங்கியது என்று கணினி கேட்டது. எனக்கும் தெரியவில்லை.

என் மேலதிகாரி மணிலாக்காரர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உங்கள் ஊர் வாத்துகள் நடந்தே போய்விடுமா என்று கேட்டார். என் ஊர் ஈப்போ என்றேன். அது அவர் காதில் விழவில்லை. மறு ஆய்வுக் குழு கூடப்போகிறது, இரண்டு தாள்களில் ஒன்று பொய், தண்ணீர்த் தாளில் சங்கத்தின் முத்திரையும் தலைவரின் கையெழுத்தும் இருக்கின்றன, பறவைத் தாளில் ஒரு பெண்மணியின் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது, ஆகவே பறவைத் தாள்தான் பொய் என்றார். முத்திரை உள்ளதே உண்மை என்பது எல்லா நாடுகளும் ஏற்கெனவே பகிர்ந்துகொண்டிருக்கும் ஒரே கொள்கை. குழு அப்படித் தீர்மானித்தால் சகாயமேரி இதுவரை அனுப்பிய கணக்கு அத்தனையும் அழிக்கப்படும். அவர் பெயருக்கு எதிரே ‘நம்பத்தகாதவர்’ என்று ஒரு குறி விழும். எல்லா நாடுகளிலும் அது தெரியும். அதற்கு முன்னால் யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், உனக்குத்தான் தமிழ் தெரியுமே, நீயே போ என்றார்.

போனேன். தை மாதம். அறுவடை நடந்துகொண்டிருந்தது.

விமான நிலையத்தில் என்னை அழைத்துக்கொள்ள வந்தவர் சலீம். கூத்தாநல்லூர்க்காரர். சவுதியில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு, திரும்பி வந்து சொந்தமாக ஒரு வெள்ளை அம்பாசிடர் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். நல்ல மனிதர். ஒரே குறை, சாலையில் வலது பக்கமாகவே போவார். எதிரே பஸ் வந்து அலறியதும், அட, நம்ம ஊரு என்று நினைவு வந்து இடது பக்கம் திரும்புவார். இப்படி ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நினைவுபடுத்த வேண்டியிருந்தது. பழக்கம் சார், கை அதுபாட்டுக்குப் போகுது என்றார். ஈப்போவில் என் அம்மா கொடுத்தனுப்பிய விபூதியைப் பூசிக்கொண்டேன்.

வழியெல்லாம் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார்கள். ஈப்போ என்றால், அது சரி, சொந்த ஊர் எது என்று மறுபடி கேட்டார்கள். அதுதான் சொந்த ஊர் என்றால் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. என் தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பல் ஏறினாராம். எந்த ஊரிலிருந்து என்று சொல்லாமலே செத்துப்போனார். எங்கள் குடும்பத்திலும் தரவுப் பகிர்வு கொஞ்சம் மோசம்.

ஆனால் மலேசியா என்றதும் எல்லோருக்கும் கிள்ளானில் ஒரு மச்சினன், ஜொகூரில் ஒரு சித்தப்பா மகன் இருந்தார்கள். லாட்ஜ் மேனேஜர் முதல் நாளே ஒரு ஊறுகாய் ஜாடியைக் கொடுத்து, பினாங்கில் இருக்கும் தம்பியிடம் சேர்த்துவிடுங்கள் என்றார். கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று விளக்கினேன். பக்கத்துலதானே என்றார். அந்த ஜாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. காலி ஜாடி.

இன்னொன்றையும் முதல் நாளே கவனித்தேன். இந்தப் பக்கத்தில் யாரும் எதையும் ‘இருக்கிறது’ என்று சொல்வதில்லை. தெப்பக்குளத்தின் அருகே ஒரு ஓட்டலில் உட்கார இடமில்லாமல் இலைக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். முதலாளியிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். யாவாரமே இல்லீங்க என்றார், சில்லறையை அள்ளிப் போட்டபடி. காபி அபாரமாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று பாராட்டினேன். பால் சரியில்லீங்க இன்னிக்கு என்றார். எங்கள் ஊரில் பத்துப் பேர் வந்தால் நூறு பேர் வந்ததாகப் பலகை வைப்பார்கள். இங்கே இருப்பதைச் சொன்னால் ஒன்று கண் பட்டுவிடும், அல்லது யாராவது வந்து கேட்டுவிடுவார்கள்.

அன்று மாலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து சகாயமேரியின் வீட்டுக்குப் போன் செய்தேன். இரண்டு ஹலோ ஒரே நேரத்தில் கேட்டன. ஒன்று ஆண், ஒன்று பெண். யாருக்குப் பதில் சொல்வதென்று திகைத்தேன். நீங்க வைங்க என்றது பெண் குரல். நீ வையி என்றது ஆண் குரல். இரண்டும் வைத்துவிட்டன. மறுபடி காசு போட்டு அழைத்தேன். ஹாலில் ஒரு போனும் மாடியில் அதே இணைப்பில் இன்னொரு போனும் இருக்கிறது, மணி அடித்தால் இரண்டு பேருமே எடுத்துவிடுவோம் என்றார் சகாயமேரி. யார் எடுப்பது என்று பேசிவைத்துக்கொள்ளலாமே என்றேன். அதப் பத்திப் பேசுனதில்லீங்க என்றார்.

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். விலங்கியல் ஆய்வுக்கூடத்தில், பாட்டிலில் ஊறிக்கொண்டிருந்த பாம்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சிறு சிலுவை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன். உங்கள் கணக்கைப் பொய் என்று தீர்மானிக்கப்போகிறார்கள் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுவிட்டு வந்தார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருடத்திலிருந்து எண்ணுகிறேன், காய்ச்சலில் கிடந்த வருடம்கூட விட்டதில்லை, சந்தேகம் வந்தால் குறைத்துத்தான் எழுதுவேன், கூட்டி எழுதியதே கிடையாது என்றார். சொல்லும்போது குரல் லேசாக உடைந்தது. பொய் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டார்.

தண்ணீர்த் தாளின் நகலை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை. கீழே முத்திரை, கையெழுத்து. அவர் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எங்க வீட்டுக்காரர் கையெழுத்துங்க,” என்றார்.

கணவர் லூர்துசாமி ஏரிப் பாசன சங்கத் தலைவர் என்பது அவருக்குத் தெரியும். தண்ணீர்க் கணக்கு கொடுக்கிறார் என்பதும் ஏதோ அரசல்புரசலாகத் தெரியும். என்ன எழுதுகிறார் என்று கேட்டதில்லை. அவரும் இவர் என்ன எண்ணுகிறார் என்று கேட்டதில்லை. இரண்டு தாள்களும் ஒரே சாப்பாட்டு மேசையில் எழுதப்பட்டவை. அங்கிருந்து கடல் தாண்டிப் போய்க் கோலாலம்பூரில் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. இதை மணிலாவுக்கு எப்படி மொழிபெயர்ப்பேன் என்று யோசித்தேன். நாளைக் காலை ஏரிக்கு வாருங்கள், மதியம் வீட்டில் சாப்பாடு, விரால் சொல்லி வைக்கிறேன் என்றார் சகாயமேரி.

காலையில் சலீமின் கார் ஒரு கிராமத்து ரோட்டில் வைக்கோல் மேல் ஏறியது. இந்தப் பக்கத்தில் தை மாதத்தில் ரோடு ரோடாக இருக்காது, களமாகிவிடும். போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று அறுத்த நெற்கதிரைப் பரப்பி வைத்துவிடுகிறார்கள். மிதித்துக் கொடுத்தோம். கொஞ்ச தூரத்தில் அடியிலிருந்து புகை வந்தது. வைக்கோல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, கயிறு திரித்தாற்போல இறுகிவிட்டிருந்தது. சலீம் ஒரு அம்மாளிடம் அரிவாள் வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார். என் வைக்கோலை அறுக்கிறாயே பாவி என்று அந்த அம்மாள் திட்டினார். சவுதியில மணல்தான் மாட்டும் என்று கீழேயிருந்து சலீம் சொன்னார்.

நான் சும்மா இருக்க முடியாமல், விளைச்சல் எப்படியம்மா என்று கேட்டேன். என்னத்த வெளைஞ்சது, எல்லாம் பதருதான் என்றார். அவருக்குப் பின்னால் நெல் அம்பாரம் அம்பாசிடரை விட உயரமாக நின்றது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து, அம்பாரத்தை மறைத்தாற்போல நகர்ந்து நின்றுகொண்டார்.

ஏரிக் கரையில் ஏறினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழு ஏரியை மறைத்ததை இங்கேதான் பார்த்தேன். கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் தளும்பியது. நடுவே கருவேல மரங்கள் இடுப்பளவு முழுகி நின்றன. கிளைக்குக் கிளை நத்தைகுத்தி நாரை. கூழைக்கடாக்கள் கல்யாண வீட்டுப் பெரியவர்கள் மாதிரி அசையாமல் மிதந்தன. ஊசிவால் வாத்துகள் வந்து வந்து இறங்கின. சகாயமேரி தொலைநோக்கியை என் கையில் கொடுத்தார். நான் கணினியில் எண்களாக மட்டுமே பார்த்திருந்தவை உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மரங்களுக்குப் பின்னால் இருப்பதை எண்ண உள்ளே போக வேண்டும். மீன் பிடிப்பவர்களின் தெர்மாகோல் மிதவை ஒன்று கட்டிக்கிடந்தது. சகாயமேரி அதில் ஏறியதும் தெரியவில்லை, உட்கார்ந்ததும் தெரியவில்லை, அவ்வளவு லாகவம். நானும் அப்படியே ஏறலாம் என்று நினைத்தேன். ஒரு காலை வைத்தேன். மிதவை போய்விட்டது. மற்றக் கால் கரைச் சேற்றில் இருந்தது. பிறகு இரண்டு காலும் ஏரியில் இருந்தன. சறுக்கிக்கொண்டே போய்க் காலூன்றியபோது தண்ணீர் என் நெஞ்சு வரை வந்தது. பக்கத்தில் ஒரு முக்குளிப்பான் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முங்கியது. முங்க இடமிருக்கிறது என்பது உறுதியாயிற்று.

என்னைக் கை கொடுத்துத் தூக்கியவர் கரையில் வந்துகொண்டிருந்த ஒரு மனிதர். வெள்ளை வேட்டி, அடர்ந்த மீசை, சட்டைப் பையில் கண்ணாடி. எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார். ஏரியில் என்றேன். தண்ணீரிலா என்று கேட்டார். என் சட்டையிலிருந்து சொட்டுவதைக் காட்டினேன். ம் என்றார். அவர்தான் லூர்துசாமி.

நான் நனைந்தது தரவு ஆகாது. எங்கள் விதிப்படி தண்ணீர் மட்டத்தைச் சங்கம்தான் தர வேண்டும். அலுவலகத்து ஆள் நெஞ்சளவு நனைந்தார் என்பதைப் போட அந்தத் தாளில் கட்டம் கிடையாது. ஆகவே லூர்துசாமி கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து, அவரிடமே கேட்க வேண்டியிருந்தது. வேட்டி அவிழாமல் உட்காருவதே ஒரு வேலையாக இருந்தது. விரால் குழம்பைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. மாங்காய் போட்டிருந்தார்கள். குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். புளி கொஞ்சம் தூக்கல் என்றார் லூர்துசாமி. ஒன்றும் தூக்கல் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றார் சகாயமேரி. அந்த ஊரில் இருப்பதை இருக்கிறதென்று சொல்கிற ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குப் பட்டது.

மெதுவாக விஷயத்தை எடுத்தேன். ஏரி நிறைந்திருக்கிறதே, ஏன் இல்லை என்று எழுதுகிறீர்கள் என்றேன். லூர்துசாமி மறைக்கவில்லை.

“நமக்கு மேல ஒரு ஊரு இருக்குங்க. அதுக்கு மேல ஒரு ஜில்லா. அதுக்கும் மேல ஒரு ஸ்டேட்டு. தண்ணி இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டுட்டேன்னு வைங்க, ‘அவனுக்குத்தான் ஏரியில கெடக்கே’ன்னு மேலேருந்து ஒவ்வொருத்தனா மதக அடச்சிக்கிட்டே வருவான். நாங்க கடைமடை, கடைசியாத்தான் தண்ணி வரும். வாயால சொன்னத மாத்திக்கலாம். பேப்பர்ல போனது திரும்பி வராதுங்க.”

அவர் அப்பாவும் இல்லை என்றுதான் எழுதினாராம். சங்கத்துக்கு யார் தலைவராக வந்தாலும் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தானாம். ஊரில் அத்தனை பேருடைய வயலும் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது என்றார். நான் பெரிய சமர்த்தன் மாதிரி, பயப்படாதீர்கள், இந்தக் கணக்கு பக்கத்து ஸ்டேட்டுக்கு மட்டும் போவதில்லை, எல்லா நாடுகளுக்கும் போகும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விளக்கினேன். தரவுப் பகிர்வு பற்றி நான் செய்த சொற்பொழிவுகளிலேயே இதுதான் மிக மோசமானது. பிசைந்த சோற்றை அவர் அப்படியே வைத்துவிட்டார்.

சகாயமேரி இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தார். வைத்துக்கொண்டே கேட்டார்.

“நீங்க தண்ணி இல்லன்னு எழுதுனா, நான் எண்ணுன வாத்தெல்லாம் எதுலங்க நீந்திச்சு?”

கணக்கு அழிக்கப்படப்போவதையும் பெயருக்கு எதிரே விழப்போகிற குறியையும் சகாயமேரி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். லூர்துசாமி மனைவியின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு விராலின் தலையை எடுத்து என் தட்டில் போட்டார். விருந்தாளிக்குத் தலையைப் போடுவது மரியாதை என்பார்கள். கையெழுத்துக் கிடைக்காது என்பதையும் மரியாதையாகத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் காலையில் வேட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாசலில் லூர்துசாமி மட்டும் இருந்தார். கார் ஜன்னலில் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “நெசமாவே அவ எண்ணுனதெல்லாம் அழிச்சிடுவாங்களா?” அழித்துவிடுவார்கள் என்றேன். “விடியக்காலம் அவ ஏரிக்குக் கெளம்பயில காப்பி போட்டுக் குடுக்கறது நாந்தாங்க,” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏரி பெயரை எங்கேயும் வெளியில் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதும் அப்போதுதான்.

சகாயமேரியிடம் விடைபெறக் கல்லூரிக்குப் போனேன். அவருக்காக நான் குழுவிடம் பேசுகிறேன் என்றேன். அவர் பாம்பு பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அவர் சொல்றதும் தப்பில்லீங்க. கடைமடையில பொழைக்கிறவங்க பேச்சு அது,” என்றார். முறுக்கு ஒரு டப்பா கொடுத்தார். இதை யாரிடம் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். உங்களுக்குத்தான் என்றார். அந்தப் பயணத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே பார்சல்.

கோலாலம்பூரில் மணிலாக்காரர் பயணம் எப்படி என்று கேட்டார். ஏதோ பரவாயில்லை என்றேன். சொன்ன பிறகுதான் எங்கே பிடித்த பழக்கம் என்று உறைத்தது. ஏரியில் தண்ணீர் இருக்கிறது, நானே விழுந்து பார்த்தேன், பறவைகளும் இருக்கின்றன, ஆனால் சங்கம் எழுதித் தராது என்றேன். மனம் இரங்கி, குழுவிடம் பேசி, ஒரு பருவம் தவணை வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடமும் இரண்டு தாள்களும் முட்டிக்கொண்டால் அழிப்புதான், என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அந்த வருடம் முழுவதும் எனக்கு அந்த நினைப்புதான். நடக்கவே நடக்காது என்று தெரிந்தும், லூர்துசாமி மனம் மாற வேண்டுமென்று பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். அவர் வேளாங்கண்ணிக்குப் போகிறவர். இருந்தாலும் சொல்லி வைத்தேன்.

அடுத்த பருவத்துத் தாள் வந்தது. ஒரு தாள்தான். தண்ணீர்த் தாள். மாதாமாதம் மட்டம் எழுதியிருந்தது. கார்த்திகையில் இடுப்பளவு, மார்கழியில் நெஞ்சளவு, தையில் ‘ஏரி நிறைந்துள்ளது’. கீழே முத்திரை, லூர்துசாமியின் கையெழுத்து. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். முருகன் வேளாங்கண்ணியில் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். பறவைத் தாள் பின்னால் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கெடு முடிந்தது. எங்கள் கணினிக்குத் தெரியாது என்ற சொல் தெரியாது. வெறும் கட்டத்தைக் கண்டால் பூஜ்யம் போட்டுவிடும். எல்லாப் பறவைக்கும் பூஜ்யம் போட்டது.

மணிலாக்காரர் என் மேசைக்கே வந்துவிட்டார். போன வருடம் தண்ணீர் இல்லாமல் வாத்து நீந்தியது, இந்த வருடம் தண்ணீர் தளும்புகிறது, வாத்தைக் காணோம், உங்கள் ஊரில் என்னதான் நடக்கிறது என்றார். என் ஊர் ஈப்போ என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. இன்று மாலைக்குள் விளக்கம் வராவிட்டால் சகாயமேரியின் பழைய கணக்கு அத்தனையும் போய்விடும் என்றார். போனை எடுத்து அவர் முன்னாலேயே மன்னார்குடிக்கு அழைத்தேன்.

இரண்டு ஹலோ கேட்டன.

வைக்காதீர்கள், இரண்டு பேருமே வைக்காதீர்கள் என்று கத்தினேன். தண்ணீர் வந்துவிட்டது, பறவை வரவில்லை, ஏன் என்றேன். ஹாலில் ஒரு மூச்சும் மாடியில் ஒரு மூச்சும் கேட்டன. பிறகு சகாயமேரி பேசினார். என்னிடம் இல்லை.

“நீங்க தண்ணி இருக்குன்னா எழுதுனீங்க?”

“ஆமா.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல.”

“நீ கேக்கல. உன்னப் பொய் சொல்றவன்னு பத்து நாட்டுல எழுதி வெப்பாங்களாம். அத எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கறது?” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நீ ஏன் அனுப்பல? இந்த வருசம் பறவ வரலயா?” என்றார்.

“வந்துச்சு. எண்ணுனேன். அனுப்பல.” சகாயமேரியின் குரல் அன்று ஆய்வுக்கூடத்தில் உடைந்த மாதிரியே உடைந்தது. “நான் பறவ இருக்குன்னு அனுப்புனா, தண்ணி இருக்கறது தெரிஞ்சிடும்லங்க. ஊருக்கு வர்ற தண்ணி நின்னு போச்சுன்னா, நான் எண்ணி என்னத்துக்கு?”

மாடியிலிருந்து ஹாலுக்கு இறங்கி வந்தால் முடிந்துவிடுகிற பேச்சு. ஆனால் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

“அனுப்பு,” என்றார் லூர்துசாமி.

“மேல அடச்சிட்டான்னா?”

“அடச்சா பாத்துக்கலாம். எவ்வளவு வந்துச்சு இந்த வருசம்?”

சகாயமேரி சொல்ல ஆரம்பித்தார். முதலில் நத்தைகுத்தி நாரை. பிறகு கூழைக்கடா. கிழக்குக் கரை ஓரம் எத்தனை, மரங்களுக்குப் பின்னால் எத்தனை என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். லூர்துசாமி ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. இங்கே கோலாலம்பூரில் ஒருவன் காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருவருக்கும் மறந்துபோய்விட்டது. நானும் நினைவுபடுத்தவில்லை. ஒரு பென்சிலை எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

மணிலாக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, என்ன நடக்கிறது என்று சைகையில் கேட்டார். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, தரவுப் பகிர்வு நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.